போகாத ஊரின் காய்ச்சல்

1

முறைக்காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள் நம்மவர்கள். குளிர், நடுக்கம், அனல், வியர்வை என்று வரிசை பிசகாமல் வந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாளோ இரண்டு நாள் விட்டோ மறுபடி வந்து நிற்கிற காய்ச்சல். அதன் தாளத்தைக் கேட்டு வைத்த பெயர் அது. ஐரோப்பாவின் பழைய வைத்தியர்களும் மூன்றாம் நாள் காய்ச்சல், நான்காம் நாள் காய்ச்சல் என்று காலக் கணக்கிலேதான் அதைப் பிரித்துவைத்திருந்தார்கள். இத்தாலியப் பேச்சுவழக்கு காற்றைக் குற்றம் சொன்னது. மாலா ஆரியா, கெட்ட காற்று. சதுப்பு நிலத்திலிருந்து எழும் காற்று சுவாசித்தவனைப் பிடித்துக்கொள்கிறது என்பது அந்தப் பெயருக்குள் இருக்கும் சித்தாந்தம். உலகம் கடைசியில் எடுத்துக்கொண்டது இந்தப் பெயரைத்தான். காலத்தின் பெயர் போய் இடத்தின் பெயர் நிலைத்தது.

பெயர் மாறும்போது கேள்வியும் மாறிவிடுகிறது. முறைக்காய்ச்சல் என்ற சொல்லோடு நோயாளியிடம் போகிறவன் 'எப்போது வந்தது, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது' என்று கேட்பான். மலேரியா என்ற சொல்லோடு போகிறவன் 'எங்கே போயிருந்தாய்' என்று கேட்பான். இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன்.

எங்கும் போகாதவர்களுக்கு வந்த மலேரியாவைப் பற்றி மருத்துவப் பத்திரிகைகளில் கணிசமான எழுத்து சேர்ந்திருக்கிறது. விமானத்தில் வந்த கொசு கடித்தவர்கள், பிறர் ரத்தம் ஏற்றப்பட்டவர்கள், ஊசி வழியாகப் பெற்றவர்கள், ஊர் திரும்பிய ஒருவனைக் கடித்த உள்ளூர்க் கொசு அடுத்துக் கடித்தவர்கள் என்று வகை வகையாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். கொஞ்ச காலமாக இவற்றைப் படித்துவருகிறேன். நான் வைத்தியனல்ல. ஒரு மனிதனின் ரத்தத்தில் அவன் பார்த்தேயிராத ஊர் எப்படி வந்து உட்கார்ந்துகொண்டது என்று விசாரிக்கும் இந்த வறண்ட குறிப்புகள், யுத்தங்களையும் வர்த்தகத்தையும் பற்றிய நம் சரித்திரப் புத்தகங்கள் சொல்லாமல் விடுகிற சிலவற்றைச் சொல்லிவிடுகின்றன. என் அக்கறை அதில்தான்.

2

கெட்ட காற்றின் சித்தாந்தம் எப்போது செத்தது என்பதற்கு ஆண்டு சொல்ல முடியும். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், மலேரியா நோயாளி ஒருவரைக் கடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்த ஒட்டுண்ணியைக் கண்டார். அந்த நோயாளியின் பெயர் ஹுசேன் கான். கடிக்கவிட்ட கொசு ஒன்றுக்கு ஒரு அணா அவருக்குக் கூலி. அடுத்த ஆண்டு இத்தாலியில் கிராஸ்ஸியும் அவர் சகாக்களும் அனாபிலிஸ் கொசுவைக் கடிக்கவிட்டு ஒரு மனிதனுக்கு மலேரியாவை வரவழைத்துக் காட்டினார்கள். ஆனால் சந்தேகப் பிராணிகள் அடங்கவில்லை. பரிசோதனை நடந்தது ரோமில். ரோமே காய்ச்சல் ஊர்தானே, காற்றில் வரவில்லை என்பதற்கு என்ன நிரூபணம் என்றார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. இடத்தையும் கொசுவையும் பிரித்துக் காட்டினாலொழிய விவகாரம் தீராது.

1900இல் பேட்ரிக் மேன்சன் அதைப் பிரித்துக் காட்டினார். லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியை ஸ்தாபித்தவர், ராஸுக்கு வழிகாட்டியாக இருந்தவர். அவர் ஏற்பாடு செய்தவை இரண்டு பரிசோதனைகள். ஒன்றில் சாம்பன், லோ என்ற இரண்டு டாக்டர்கள் ரோமுக்கு அருகே ஆஸ்டியாவின் சதுப்பு நிலத்தில், காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் கோடையிலிருந்து அக்டோபர் வரை, கம்பி வலை அடித்த ஒரு மரக் குடிலில் வசித்தார்கள். சூரியன் மறையும்போது உள்ளே போனவர்கள் உதித்த பிறகுதான் வெளியே வருவார்கள். குடித்தது அந்த ஊர்த் தண்ணீர். சுவாசித்தது அந்த ஊர்க் காற்று. அக்கம்பக்கத்தில் எல்லோரும் காய்ச்சலில் விழ, இவர்களுக்கு ஒன்றும் வரவில்லை.

இரண்டாவது பரிசோதனையில் ஊருக்குப் போகவில்லை; ஊரை வரவழைத்தார்கள். ரோமில் மூன்றாம் நாள் காய்ச்சல் நோயாளிகளைக் கடிக்கவிட்ட கொசுக்களைச் சிறு கூண்டுகளில் அடைத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே அவற்றுக்குக் கை நீட்டியவர் மேன்சனின் மகன் தர்பர்ன் மேன்சன். வயது 23, மருத்துவ மாணவர். சீனாவில் பிறந்து, சிறு குழந்தையாகவே இங்கிலாந்துக்கு வந்துவிட்டவர். பிறகு வெளிநாடு போனதில்லை. இங்கிலாந்துக்குள்ளேயும் காய்ச்சல் பகுதி என்று பெயர் வாங்கிய எந்த இடத்துக்கும் போனதில்லை. செப்டம்பர் நடுவில் அவருக்குக் குளிர் வந்தது. சில நாளில் ரத்தத்தில் ஒட்டுண்ணி தெரிந்தது. க்வினைன் கொடுத்துக் குணமாக்கினார்கள். மாதங்கள் கழித்து, ஒன்றும் செய்யாமலே, காய்ச்சல் மறுபடி வந்தது. ஆய்வுக்கூடப் பணியாளர் ஒருவரும் அதே கொசுக்களுக்குக் கை கொடுத்துக் காய்ச்சலில் படுத்தார். மகனின் கதை பாடநூலுக்குப் போயிற்று. பணியாளர் அடிக்குறிப்பில் நின்றுவிட்டார்.

இந்த இரண்டு பரிசோதனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வியப்பு குறைவதே இல்லை. காய்ச்சல் ஊரில் போய் வசித்தவர்களுக்குக் காய்ச்சல் இல்லை. எங்கும் போகாதவனுக்குக் காய்ச்சல். தர்க்கம் இதைவிடச் சுத்தமாக இருக்க முடியாது. இதோடு 'எங்கே போயிருந்தாய்' என்ற கேள்வி தன் சர்வாதிகாரத்தை இழந்திருக்க வேண்டும். இழக்கவில்லை. காற்றுச் சித்தாந்தம் செத்த பிறகும் அதன் கேள்வி உயிரோடு இருந்தது. கருத்துகள் சாவதும் அவை உண்டாக்கிய பழக்கங்கள் சாவதும் ஒரே நாளில் நடப்பதில்லை.

3

மகனைக் காய்ச்சல் பகுதி எதற்கும் போகாதவன் என்று சொல்ல வேண்டியிருந்தது என்றேன். அப்படியென்றால் இங்கிலாந்திலேயே காய்ச்சல் பகுதி இருந்தது என்று அர்த்தம். தேம்ஸ் நதி கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் இரு கரைகளிலும், கென்ட், எஸ்ஸெக்ஸ் மாவட்டங்களின் உப்புச் சதுப்புகளில், நூற்றாண்டுகளாக ஒரு குளிர்காய்ச்சல் குடியிருந்தது. ஆங்கிலத்தில் அதற்கு ஏக்யூ என்று பெயர். எஸ்ஸெக்ஸ் சதுப்புக்காரர்கள் ஐந்தாறு முதல் பதினான்கு, பதினைந்து மனைவிகள் வரை வரிசையாகக் கட்டியிருந்ததாக டானியல் டீஃபோ தன் பிரயாண நூலில் 1724இல் எழுதினார். ஆண்கள் அங்கேயே பிறந்து அந்தக் காய்ச்சலோடு வளர்ந்தவர்கள். மேட்டு நிலத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்கள் ஓரிரு வருஷத்தில் செத்துப்போனார்கள். டீஃபோ இதை ஒரு வேடிக்கை போலச் சொல்கிறார். எண்ணிக்கையை அவர் ஊதியிருக்கலாம். ஆனால் அந்தச் சதுப்புப் பகுதிகளின் தேவாலயப் பதிவேடுகளில், பிறப்பும் இறப்பும் எழுதிய கணக்குகளில், மேட்டு நிலத்தைவிட அதிகமான சாவுகள் இருப்பதைச் சரித்திர ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' இதே கென்ட் சதுப்பில் தொடங்குகிறது. நடுங்கிக்கொண்டிருக்கும் தப்பியோடிய கைதியைப் பார்த்துச் சிறுவன் பிப் சொல்லும் வியாதி இதுதான். 1861இல் அதைப் படித்த ஆங்கில வாசகனுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. இன்றைய ஆங்கில வாசகனுக்கு வேண்டியிருக்கிறது. ஒரு நாடு தன் நோயை மறப்பதற்கு நூறு வருஷம் போதும்.

மறந்ததற்கு முன் அது குறைந்தது. தட்பவெப்பம் மாறியதனால் அல்ல. சதுப்பை வெட்டி வடித்து விளைநிலமாக்கினார்கள். கால்நடைகள் பெருகியதால் கொசு மனிதனை விட்டு மாட்டைக் கடித்தது. வீடுகள் உலர்ந்து வெளிச்சமாயின. க்வினைன் விலை இறங்கியது. இத்தனைக்கும் கொசு ஒழியவில்லை. அது அங்கேயே, அதே உப்பங்கழியில், ரத்தத்தில் ஒட்டுண்ணி உள்ள மனிதன் எவனாவது வருவானா என்று காத்திருந்தது. காத்திருந்தது என்று சொல்வது நம் கற்பனை. கொசுவுக்குக் காத்திருக்கத் தெரியாது. ஆனால் சரித்திரம் எழுதும்போது இம்மாதிரிச் சொற்கள் தாமாக வந்துவிடுகின்றன.

1915இல் பிரிட்டனும் பிரான்ஸும் கிரேக்கத்தின் சலோனிக்காவில் படைகளை இறக்கின. மாசிடோனியப் போர்முனை என்று இதற்குப் பெயர். அங்கே எதிரியைவிட மலேரியாதான் படையை அதிகமாகப் படுக்கவைத்தது. பிரிட்டிஷ் படையில் மட்டும் மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்த்த எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கு மேல். இவர்களில் பலரைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். சிலர் தங்கவைக்கப்பட்ட முகாம்களும் மருத்துவமனைகளும் கென்ட் கரையோரத்தில் இருந்தன. 1917 கோடையில் ஷெப்பி தீவிலும் அதன் சுற்றுப்புறத்திலும், வாழ்நாளில் இங்கிலாந்தை விட்டு வெளியே போகாதவர்களுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. சிப்பாய்கள், அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், குழந்தைகள். யுத்தம் முடிந்து ஓரிரு ஆண்டுகள் வரை இந்த உள்ளூர்த் தொற்று நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தது. அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் யுத்த இலாகாவுக்கு மலேரியா ஆலோசகராக இருந்தவர் ராஸ். செகந்திராபாத்தில் தேடிக் கண்டுபிடித்ததை அவர் லண்டனிலிருந்து ரயிலேறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் மறுபடி சந்தித்தார்.

இதே 1917இல், இதே மாசிடோனியப் போர்முனையிலிருந்து, எதிர்த் தரப்பின் சிப்பாய் ஒருவன் வியன்னாவுக்குத் திரும்பினான். அவன் ரத்தத்திலும் மூன்றாம் நாள் காய்ச்சல். மனநோய் மருத்துவர் வாக்னர்-யாரெக் அந்த ரத்தத்தை எடுத்து, மேகநோய் மூளைக்கு ஏறிப் பைத்தியம் பிடித்திருந்த நோயாளிகளுக்கு ஜூன் மாதத்தில் செலுத்தினார். கடுங்காய்ச்சல் அந்த நோயை அடக்கும் என்பது அவருடைய நெடுநாள் ஊகம். முதலில் ஒன்பது பேர். பலருக்குத் தேறியது. பெனிசிலின் வரும்வரை உலகம் முழுக்க இந்தச் சிகிச்சை நடந்தது. பல பேர் பிழைத்தார்கள், சிலர் காய்ச்சலிலேயே செத்தார்கள். 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பைத்தியக்கார நோயாளிகளும் எங்கும் போகாதவர்கள்தான். அவர்கள் போகக்கூடிய இடம் எதுவும் இல்லை.

ஒரே போர்முனை, ஒரே வருஷம். ஒரு பக்கத்துச் சிப்பாயின் ரத்தம் கொசுவின் வழியே கென்ட்டில் ஒரு குழந்தைக்குள் போகிறது. மறு பக்கத்துச் சிப்பாயின் ரத்தம் ஊசி வழியே வியன்னாவில் ஒரு பைத்தியத்துக்குள் போகிறது. யுத்தம் நடக்கும் இடம் ஒன்று, நடக்காத இடம் ஒன்று என்று தேசப்படத்தில் கோடு போடுகிறோம். இந்த இரண்டு உடம்புகளும் அந்தக் கோட்டை ஏற்கவில்லை.

4

இரண்டாம் யுத்தத்துக்குப் பின் டிடிடி வந்தது. வடிகால், மருந்து, வசதியான வீடு எல்லாம் ஒன்று சேர்ந்தன. ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் மலேரியாவிலிருந்து விடுபட்டன. விடுபட்ட கையோடு அதை உஷ்ணப் பிரதேச நோய் என்று அழைக்கத் தொடங்கின. ஆர்க்டிக் வட்டத்துக்கு அருகே இருக்கும் ரஷ்யத் துறைமுகம் ஆர்க்கேஞ்சல்ஸ்கில் 1920களின் தொடக்கத்தில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவியது இந்தப் பெயருக்குள் அடங்காது. அமெரிக்கத் தொற்றுநோய்த் தடுப்பின் தலைமை நிலையம் 1946இல் வாஷிங்டனை விட்டு அட்லாண்டாவில் பிறந்ததற்குக் காரணமே, தென் மாநிலங்கள் மலேரியா நாடாக இருந்ததுதான் என்பதும் அடங்காது.

விடுதலை அறிவித்த அடுத்த கணமே கதை திரும்பியது. 1952இல் கலிஃபோர்னியாவில் லேக் வெரா என்ற ஏரிக்கரையில் சிறுமிகளின் கோடை முகாம். கொரிய யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவன் பக்கத்தில் வந்து கூடாரமடித்துத் தங்கினான். அவனுக்குக் காய்ச்சல். ஏரிக்கரைக் கொசு உள்ளூர்க் கொசு. முப்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா வந்தது. சிறுமிகள் ஆளுக்கொரு ஊருக்குத் திரும்பியிருந்ததால், ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வைத்தியர், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காய்ச்சலாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஜெட் விமானங்கள் வந்தன. இப்போது பிரயாணம் செய்தது நோயாளி அல்ல, கொசுவே. 1969இலிருந்து 1999 வரை விமான நிலைய மலேரியா என்று வகைப்படுத்தப்பட்டவை 89. 1983இல் லண்டனின் காட்விக் விமான நிலையத்திலிருந்து 10, 15 கிலோமீட்டர் தள்ளி வசித்த இரண்டு பேருக்குப் பால்சிபாரம் மலேரியா, உயிர் குடிக்கும் வகை, வந்தது. 1994இல் பாரிஸில் வெப்பமான கோடை. ருவாஸி விமான நிலையத்தைச் சுற்றி ஆறு பேருக்கு மலேரியா. நான்கு பேர் விமான நிலைய ஊழியர்கள். மற்றவர்கள் ஏழரை கிலோமீட்டர் தள்ளி வில்பாரிஸி என்ற ஊரில் வசித்தவர்கள். கொசு அவ்வளவு தூரம் பறக்காது. அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் விமான நிலைய ஊழியர்கள் குடியிருந்தார்கள். வேலை முடிந்து காரில் வீடு திரும்பியபோது கொசுவும் உடன் ஏறி வந்திருக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒவ்வொரு விமானத்திலும் எட்டு முதல் இருபது அனாபிலிஸ் இருந்திருந்தால், அந்த மூன்று வாரங்களில் 2000 முதல் 5000 வரை வந்து இறங்கியிருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

இந்த நோயாளிகள் படும் அவஸ்தையில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. வைத்தியர் 'வெளிநாடு போயிருந்தீர்களா' என்று கேட்கிறார். இல்லை என்கிறார் நோயாளி. உண்மையைத்தான் சொல்கிறார். அந்த உண்மையோடு விசாரணை மூடிவிடுகிறது. ஃப்ளூ என்று மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். பால்சிபாரம் காத்திருக்காது. சில நாளில் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடும். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் தடவிப் பார்க்கத் தோன்றுவதற்கு ஒரு ஊரின் பெயர் வேண்டியிருக்கிறது. 'எங்கே போயிருந்தாய்' என்பது நல்ல கேள்விதான். ரத்ததானம் செய்ய வருகிறவனிடம் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆமாம் என்ற பதில் வந்தால் அது உயிரைக் காப்பாற்றும். இல்லை என்ற பதிலை முடிவாக எடுத்துக்கொள்ளும்போதுதான் கொல்கிறது. கேட்க விட்டுப்போன கேள்வி இன்னொன்று: உன்னிடம் எது வந்தது, எந்த வழியாக வந்தது?

5

இங்கே ஒரு ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். மலேரியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் சாகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்காவில். பெரும்பாலும் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அவர்கள் மத்தியில், முப்பது வருஷத்தில் 89 பேருக்கு வந்த காய்ச்சலைப் பெரிய தத்துவமாக எழுதுவது ஒரு வகைத் திமிர் இல்லையா? இடம் பொய் என்றால் அந்தத் தொண்ணூற்றைந்து எங்கிருந்து வந்தது?

ஆட்சேபம் சரி. இடம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. இடம் உண்டாக்கப்பட்டது என்கிறேன். கென்ட்டின் சதுப்பைக் காய்ச்சல் நிலமாக வைத்திருந்ததும் பிறகு காய்ச்சல் இல்லாத நிலமாக ஆக்கியதும் ஒரே வானத்தின் கீழ் நடந்தவை. நடுவில் மாறியது வடிகால், கூரை, மாடு, மருந்தின் விலை. இவை ஒரு நிலத்துக்குக் கிடைத்தன, இன்னொரு நிலத்துக்குக் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பது சரித்திரம். அந்தச் சரித்திரத்தை மறந்துவிட்டால் மிஞ்சுவது தேசப்படத்தில் தீட்டிய ஒரு நிறம். பிறகு அந்த நிறம் அங்கே இருப்பவர்களின் மேல் ஏறிவிடுகிறது.

ஏறியதைப் பார்த்தோம். 2017இல் வடக்கு இத்தாலியில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று பால்சிபாரம் மலேரியாவில் இறந்தது. மலேரியா உள்ள எந்த நாட்டுக்கும் போகாத குழந்தை. வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் இருந்த சமயம், புர்க்கினா ஃபாஸோவிலிருந்து திரும்பிய குடும்பமொன்றின் குழந்தைகள் மலேரியாவோடு அங்கே இருந்தார்கள். பொறிவைத்துத் தேடியதில் அனாபிலிஸ் கொசு கிடைக்கவில்லை. ஒட்டுண்ணியைச் சோதித்ததில் அந்தக் குழந்தைகளில் ஒன்றிடம் இருந்த அதே இனம் என்று தெரிந்தது. தொற்று மருத்துவமனைக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆனால் விசாரணை முடியும்வரை எல்லோரும் பொறுத்திருக்கவில்லை. வந்தேறிகள் முதலில் வறுமையைக் கொண்டுவந்தார்கள், இப்போது வியாதியையும் கொண்டுவந்துவிட்டார்கள் என்று ஒரு தினசரி முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் சொன்னது. மாலா ஆரியா என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த நாடு அது. ரோமைச் சுற்றிய சமவெளியில் தன் விவசாயக் கூலிகளைத் தலைமுறை தலைமுறையாக அந்தக் காய்ச்சலுக்குத் தின்னக் கொடுத்த நாடு. அங்கே அது இப்போது வெளியிலிருந்து வரும் வியாதி.

போகாதவனின் காய்ச்சலை விசாரிக்கும்போது போனவன் ஒருவன் அகப்படுகிறான். சலோனிக்காச் சிப்பாய், கொரியச் சிப்பாய், 2011இல் கிரீஸின் லக்கோனியாவில் தோட்டங்களில் கூலிக்கு வந்தவன். குற்றம் அவன்மேல் நிற்கிறது. அவன் தானாகவா போனான்? சிப்பாயைக் கப்பலேற்றியது ஒரு அரசாங்கம். கூலியை வரவழைத்தது ஒரு அறுவடை. அவனைக் கொசுவலையில்லாத கொட்டகையில் படுக்கவைத்தது குறைந்த சம்பளம். போகாதவன் நிரபராதி என்பது உண்மை. போனவனும் நிரபராதிதான் என்பதை ஏற்கத்தான் மனம் வருவதில்லை. அனுப்பியவர்களைக் கேட்பதற்கு மருத்துவப் படிவத்தில் கட்டம் கிடையாது.

6

இதுவரை சொன்னவற்றில் நாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 'எங்கே போயிருந்தாய்' என்ற கேள்விக்கு எதிர்பார்க்கும் பதில்களில் ஒன்று நம் ஊர்.

இலங்கையின் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1963இல் அந்தத் தீவு முழுக்கப் பதிவான மலேரியா 17 பேருக்கு. கண்காணிப்பு தளர்ந்தது. 1969இல் ஒரே ஆண்டில் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, யுத்தத்தின் நடுவிலும் விடாமல் உழைத்து, 2012க்குப் பின் உள்ளூர்த் தொற்றே இல்லாமல் ஆக்கினார்கள். 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2018 டிசம்பரில் அங்கே உள்ளூர்வாசி ஒருவருக்கு வைவாக்ஸ் மலேரியா வந்தது. மொனராகலை மாவட்டத்தில், உள்ளூர்க் கொசு வழியே. தொடர்பைத் தேடிப் போனபோது கிடைத்தவர் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர். பரவாமல் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். இந்தக் கதையில் சலோனிக்கா நாம்தான்.

2016 கடைசியில் மன்னாரில், அதுவரை இலங்கையில் இல்லாத ஒரு கொசுவையும் கண்டார்கள். அனாபிலிஸ் ஸ்டீபென்சி. நமக்குப் பழக்கப்பட்டது. சென்னை வீடுகளின் மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் முட்டையிட்டு, சதுப்போ வயலோ இல்லாத பட்டணத்துக்குள் மலேரியாவைக் குடிவைத்த கொசு. 2012இல் அது ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது, பிறகு எத்தியோப்பியாவில். கிராமத்து நோயாக இருந்த மலேரியாவை அங்கே நகரத்துக்குள் கொண்டுவருகிறது என்று கவலைப்படுகிறார்கள். சென்னையில் மலேரியா இன்று வெகுவாகக் குறைந்திருக்கிறது. குறைந்த பிறகு நாமும் மறக்கத் தொடங்குவோம். மறந்தபின் நகரத்தில் கட்டடம் கட்ட வடக்கிலிருந்து வரும் தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தால் நாம் என்ன கேட்போம் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. அவன் படுத்திருக்கும் தகரக் கொட்டகைக்குப் பின்னால் கட்டடத்துக்காகத் தேக்கிவைத்த தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீரை யாரும் எங்கே போயிருந்தாய் என்று கேட்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் 2003க்குப் பின் இருபது வருஷம் உள்ளூர் மலேரியா இல்லை. 2023இல் ஃபுளோரிடாவில் ஏழு பேர், டெக்ஸாஸ், மேரிலாண்ட், ஆர்க்கன்ஸாவில் ஒவ்வொருவர். மொத்தம் பத்து. யாரும் மலேரியா உள்ள நாட்டுக்குப் போனவர்கள் அல்ல. எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். பத்து என்பது சிறிய எண். ஆனால் பத்து முறை ஒரு வைத்தியர், இல்லை என்ற பதிலைக் கேட்ட பிறகும், ரத்தத்தை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தத் தகட்டில் தெரியும் மோதிர வடிவத்துக்கு ஊர் பெயர் எழுதியிருக்காது. 1900இல் லண்டனில் ஒரு தகப்பன் தன் மகனின் ரத்தத்தில் பார்த்ததும் அதைத்தான்.